பாங்குக்கு ஒரு பொத்தான்

நான் வேலை செய்த இடங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு முதலில் போனது செம்பனைத் தோட்டம். அங்கே இப்போது இரட்டை மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அப்புறம் தெப்ராவில் சர்க்யூட் போர்டு செய்கிற தொழிற்சாலை. அது வேறு நாட்டுக்குப் போய்விட்டது. போவதற்கு முன் என் இடது சுண்டுவிரலின் நுனியை வாங்கிக்கொண்டது. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலைப் பயணிகளுக்குப் பூச்சாடி விற்கும் கடையில் லாரியில் ஏற்றி இறக்கினேன். அந்த இடத்தில் இப்போது டயர் மாற்றுகிறார்கள். கொஞ்ச காலம் விடியுமுன் எல்லைச் சாவடியின் மோட்டார்சைக்கிள் வரிசையில் மழைக்கோட்டோடு நின்று, பாலம் தாண்டி, சிங்கப்பூரில் கட்டடக் கண்ணாடி துடைத்தேன். துடைத்த கண்ணாடி மறுவாரமே அழுக்காகிவிடும்.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் நிற்க முடியாத கால் என்னுடையது. ஆனால் கைவேலை செய்கிற எவனுக்கும் ஓர் ஆசை இருக்கும். கொத்தனாராக இருந்தால் பேருந்தில் போகும்போது ஒரு சுவரைக் காட்டி, இது நான் கட்டியது என்று சொல்லலாம். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

புரோகிராம் எழுதக் கற்றது காவலாளியாக இருந்தபோது. அலுவலகக் கட்டடம் ஒன்றின் வாசலில் எனக்கு ஒரு கூண்டு. யாரோ வேண்டாமென்று போட்ட மடிக்கணினியைப் பழுது பார்த்து வைத்திருந்தேன். தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பிடித்த கைக்கு அது பெரிய காரியமில்லை. போனில் பாடம் பார்ப்பேன், மடிக்கணினியில் அடித்துப் பார்ப்பேன், தடுப்புக்கட்டையைத் தூக்கிவிட்டு மறுபடி வந்து உட்காருவேன். ஆங்கிலம் பாதி புரியும். புரியாத பாதியைக் கணினியே திட்டித் திட்டிப் புரியவைக்கும். அந்தக் கூண்டையும் பிறகு இடித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஜொகூர் பாருவில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வந்தேன். முதலாளி தமிழ் முஸ்லிம். அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். நான் மேசை துடைத்தேன், ஆர்டர் எடுத்தேன். எங்கள் கடையில் ஆர்டர் எடுப்பதென்றால் கத்துவதுதான். மேசைப் பக்கத்தில் நின்றபடியே டீ மாஸ்டரைப் பார்த்து, "தே தாரிக் ரெண்டு, தே ஓ ஐஸ் ஒண்ணு" என்று, இழுத்து ஆற்றும் பால் டீயோ, பால் சேர்க்காத ஐஸ் டீயோ, குரல் கொடுக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பதிலும் சொல்ல மாட்டார். ஆனால் டீ வந்துவிடும். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, பாய்லருக்கு முன்னால் முடி நரைத்தவர் அவர். கூட்டம் அதிகமானால்தான் சிக்கல். அஞ்சு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எந்த மேசைக்கு எது என்று குழம்பும். குழப்பத்துக்குப் பழி எப்போதும் கத்தினவன் மேல்தான்.

"நானா, இதுக்கு நான் ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றேன் ஒரு நாள்.

"என்னா, மைக்கா?" என்றார்.

போனில் ஆர்டரைத் தட்டினால் டீ மாஸ்டர் முன்னாலும் அடுப்படியிலும் உள்ள திரையில் தெரியும் என்று விளக்கினேன். கல்லாவில் ஒரு பழைய கணினி தூசியோடு கிடந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். சாதாரணமாக இப்படி ஒரு வலைப்பக்கம் ஓட வேண்டுமென்றால், அதற்கு முன்பே கேட்டவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக்கொடுக்கும் சர்வர் என்ற மென்பொருளைத் தனியாக நிறுவி, அமைப்பெல்லாம் சரிபார்த்து, நாம் எழுதியதை அதற்குள் கொண்டுபோய்க் குடிவைக்க வேண்டும். அந்த வீட்டுக்காரருக்கு ஆயிரம் விதிமுறை. நான் அதில் தலையைக் கொடுத்து, வெளியே எடுக்க முடியாமல் தவித்திருக்கிறேன். பிறகுதான் இன்னொரு வழி கண்ணில் பட்டது. சர்வரையே புரோகிராமுக்குள் வைத்துவிடலாம். புரோகிராம் தொடங்குகிற இடத்தில் நாலைந்து வரி போதும்: ஒரு சர்வரை உண்டாக்கு, இந்த எண்ணுள்ள கதவில் காத்திரு, யாராவது தட்டினால் இந்தப் பக்கத்தைக் கொடு, எழுந்து ஓடு. எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. எந்தக் கணினியில் வைத்துக் கிளப்பினாலும் ஓடும்.

அதைப் படித்ததும் எனக்கு ரொட்டி பாய் ஞாபகம் வந்தார். தோட்டத்துக்குச் சாயங்காலம் மோட்டார்சைக்கிளில் வருவார். பின்னால் பெரிய பெட்டி. பெட்டிக்குள் ரொட்டியும் பன்னும், இரண்டு பக்கமும் தொங்குகிற முறுக்குப் பொட்டலங்கள். வண்டியை நிறுத்தினால் கடை திறந்தது. கிளப்பினால் கடை மூடியது. யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. ஒரு பையோடு ஊர் ஊராகப் போனவனுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போனது.

நோன்பு மாதத்துக்கு முன்னால் சில வாரங்கள் சாதாரண வியாபாரத்தில் ஓட்டிப் பார்த்தோம். நன்றாகவே ஓடியது. திரையில் பழைய ஆர்டர் மேலே, புது ஆர்டர் கீழே. கொஞ்சம் தாமதமானால் மஞ்சளாகும். இன்னும் தாமதமானால் சிவப்பாகும். சிவப்பை முதலில் முடி. இவ்வளவுதான் சட்டம். ஆர்டர் எடுக்கும் அக்காவுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. "தொண்டை தப்பிச்சுது தம்பி" என்றார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

டீ மாஸ்டருக்குத்தான் பிடிக்கவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "என்னா கம்ப்யூட்டரு, இன்னிக்கு உன் பெட்டி மூஞ்சி கழுவிடுச்சா?" என்பார். திரைக்கு மேல் துண்டைக் காயப்போடுவார். ஆனால் ஓரக்கண்ணால் பார்ப்பதும் உண்டு.

நோன்பு பிறப்பதற்கு முந்தின நாள் நானா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "தம்பி, சாதாரண நாள் வேற, நோன்பு வேற. மொத நாள் நோன்பு தொறக்க வர்ற கூட்டம் உனக்குத் தெரியும். நாளைக்கு இந்தப் பெட்டி தாங்குச்சுன்னா கடையில இருக்கட்டும். தாங்கலைன்னா போனெல்லாம் டிராயருக்குள்ள போயிடும். பழையபடி கத்திக்கலாம். இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல."

"சரி நானா" என்றேன்.

டீ மாஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு நான் என் புத்தியையே உபயோகிக்க மாட்டேன், கம்ப்யூட்டரு. உன் பெட்டி என்னா சொல்லுதோ அதை அப்படியே செய்வேன். அப்புறம் பாப்போம்."

அதை நான் நல்ல வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. அஞ்சு மணி தாண்டியதுமே மேசைகள் நிறைய ஆரம்பித்தன. தொழிற்சாலை முடிந்து வந்தவர்கள், பாலம் தாண்டி வந்தவர்கள், குழந்தைகளோடு குடும்பங்கள். எல்லோரும் இடம் பிடித்து, ஆர்டர் சொல்லிவிட்டு, நோன்பு திறக்கச் சொல்லும் தொழுகை அழைப்பான பாங்குக்காகக் காத்திருந்தார்கள். போன்கள் தட்டத் தட்டத் திரையில் வரிகள் ஏறின. பழைய கணினி முனகாமல் வேலை செய்தது. கல்லாவில் நின்று அதைப் பார்த்தபோது என் நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

பிறகு வரிகள் மஞ்சளாயின. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒவ்வொன்றாகச் சிவப்பு.

டீ மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். சிவப்பான முதல் வரிக்குத் தே தாரிக் நாலு. இழுத்து, நுரை தளும்ப, வரிசையாக வைத்தார். அடுத்த சிவப்புக்குச் சிராப் பண்டோங் மூன்று, ரோஜா சர்பத்தும் பாலும் கலந்து, ஐஸ் போட்டு. அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அண்ணே, பாங்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு! இப்பவே கொண்டுபோய் வச்சா யாரு குடிப்பா? அந்தப் பெரியவரு என்னை மேலயும் கீழயும் பாக்குறாரு."

"எனக்கென்னா தெரியும்?" என்றார் டீ மாஸ்டர். அவருக்கும் நோன்பு. தண்ணீர் கூடக் குடிக்காத வாய், குரல் கரகரத்தது. "பெட்டி செவப்பா காட்டுது. செவப்புன்னா மொதல்ல முடிக்கணும். சொன்னது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோன்பு வைத்தவர் ஆர்டர் கொடுத்த நேரத்துக்கும் அது வேண்டிய நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. யார் எப்போது சொன்னாலும் அத்தனை மேசைக்கும் ஒரே நேரத்தில், பாங்குக்குச் சற்று முன்னால், சூடு சூடாகவும் குளிர் குளிராகவும் வந்து நிற்க வேண்டும். கத்திய காலத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆளைப் பார்த்தாலே டீ மாஸ்டருக்குத் தெரியும். புரோகிராமுக்கு ஆள் தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும். நானா சொல்லவில்லை, ஏனென்றால் இதையெல்லாமா சொல்வார்கள். நானும் கேட்கவில்லை. வருஷம் முழுக்க இந்தக் கடைகளில் சாப்பிட்டு வளர்ந்தவன், கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு பக்கமும் சிக்கியிருந்தது. ஓரத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம். நோன்பு இல்லை, பசியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஆர்டர் கடைசியாக வந்ததால் திரையில் ஆக அடியில் கிடந்தது. நோன்பு வைத்தவர் முன்னால் ஆவி பறக்கும் டீ. பசித்தவர் முன்னால் வெறும் மேசை.

"அலமாக்!" என்று அக்கா தலையில் கைவைத்தார்.

நானா பேரீச்சம்பழத் தட்டோடு வெளியே வந்தார். நோன்பு மாதத்தில் ஒவ்வொரு மேசைக்கும் பேரீச்சம்பழத்தையும் கஞ்சிக் கிண்ணத்தையும் அவரே தன் கையால்தான் வைப்பார், வேறு யாரையும் விடமாட்டார். நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, நிப்பாட்டிடு. கத்திக்கலாம்."

"நானா, கொஞ்ச நேரம் குடுங்க. சரி பண்ணிடுறேன்."

"பாங்கு உனக்காக நிக்குமா?"

"நிக்காது நானா. அதுக்குள்ள பண்ணிடுறேன்."

கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "நான் பழம் வச்சு முடிக்கிறவரைக்கும்" என்றார். முதல் மேசைக்கு நடந்தார். வழக்கத்தைவிட மெதுவாக வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்லா நாற்காலியில் உட்கார்ந்தேன். செய்ய வேண்டியது மனசில் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கேள்வி: இப்பவா, பாங்குக்கா? போனில் அதற்கு ஒரு பொத்தான். பாங்குக்கு என்றால் அந்த வரி சிவப்பாகாது, வரிசையில் முந்தாது, திரையின் வலது பக்கம் தனியாகப் போய்க் காத்திருக்கும். தனியாக ஒரு சர்வரை நம்பியிருந்தால் இதை நான் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். இங்கே எல்லாம் ஒரே கோப்பு. சர்வரும் என் கையில், ஆர்டரும் என் கையில். சுண்டுவிரல் நுனி இல்லாததால் தட்டச்சில் ஒரு பக்கம் எப்போதும் தடுமாறும். அன்றைக்கு அதுவும் தடுமாறவில்லை.

"அக்கா, இப்ப நிப்பாட்டப் போறேன். கொஞ்ச நேரம் போன் வேலை செய்யாது."

"அப்ப நான் என்னா பண்றது?"

"கத்துங்க."

"ஆயிசுக்கும் தொண்டை தப்பிச்சுதுன்னு நெனச்சேன் லா" என்று முணுமுணுத்துவிட்டு, ஓரத்து மேசைப் பக்கம் போய் நின்று குரல் கொடுத்தார்: "இவங்களுக்கு நோன்பு இல்லண்ணே! ரொட்டி சானாய் நாலு, தே ஓ ஐஸ் நாலு, இப்பவே!"

டீ மாஸ்டர் முகத்தில் ஒரு வாரத்துக்கான சிரிப்பு. "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார். நான் அந்தக் கடையில் இருந்த காலத்தில் அவர் ஓர் ஆர்டருக்குப் பதில் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

புரோகிராமை நிறுத்தினேன். மாற்றியதை மறுபடி ஒரே கோப்பாகக் கட்டினேன். கிளப்பினேன். எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரு நீளமான திட்டு. அந்தக் கதவு எண்ணில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். நான் திரையில் அதன் சன்னலை மூடியிருந்தேனே தவிர, பழைய புரோகிராம் உள்ளே சாகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு இருந்தது. காவலாளிக் கூண்டில் இதே திட்டை எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். உள்ளே போய் அதைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். நானா கடைசி வரிசைக்கு வந்துவிட்டார்.

மறுபடி கிளப்பினேன். சர்வர் எழுந்தது, கதவில் காத்திருக்கிறது என்று ஒரு வரி வந்தது. பக்கத்தைத் திறந்தேன். ஆர்டர்கள் அத்தனையும் இருந்தன. வந்தது வந்தபடி ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி முன்பே செய்திருந்தேன். மின்சாரம் போகிற ஊர்களிலேயே வாழ்ந்தவனுக்கு அந்தப் புத்தி இருந்தது.

"அக்கா, இப்ப ஒவ்வொரு மேசையா கேட்டு அந்தப் பொத்தானைத் தட்டுங்க."

அக்கா போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். "பாங்குக்குத்தானே? பாங்குக்குத்தானே? உங்களுக்கும்?" அவர் தட்டத் தட்டத் திரையில் சிவப்பு ஒவ்வொன்றாக நகர்ந்து வலது பக்கம் போய் அமைதியாக நின்றது. இடது பக்கம் வெறிச்சென்று ஆனது. அதில் மிஞ்சியது ஓரத்து மேசை ஒன்றுதான். அந்த ரொட்டியும் ஏற்கெனவே கல்லில் வெந்துகொண்டிருந்தது.

நானா காலித் தட்டோடு வந்து என் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்து, "நேரமாச்சு, எடுங்க!" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

வலது பக்கம் இருந்த வரிகளை வைத்து டீ மாஸ்டர் இழுக்கத் தொடங்கினார். ருசி பார்க்க முடியாது, நிறத்தை வைத்துத்தான் போட வேண்டும். ஆறிப்போன பழைய டீயை அவரே கொட்டிவிட்டு முதலிலிருந்து போட்டார். நாங்கள் எல்லோரும் தட்டு தூக்கினோம். நானும் கல்லாவை விட்டு இறங்கித் தூக்கினேன். கடைசித் தட்டு மேசையில் அமர்ந்தபோது தொலைக்காட்சியில் பாங்கு ஒலித்தது.

அந்த நிமிஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவ்வளவு நேரம் சந்தைபோல் இருந்த கடை சட்டென்று அடங்கியது. பேரீச்சம்பழத்தை எடுக்கும் கைகள். முதல் வாய்த் தண்ணீர். பிறகு கரண்டிச் சத்தம் மட்டும். எல்லார் முன்னாலும் டீயில் ஆவி பறந்தது. ஐஸ் ஐஸாக இருந்தது. ஓரத்து மேசைச் சீனக் குடும்பம் சாப்பிட்டு முடித்து, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது. நான் சுவரோரம் நின்று பார்த்தேன். நான் தோட்டத்தில் வெட்டிய குலைகள் எங்கே போயினவோ, ஏற்றிவிட்ட பூச்சாடிகள் எங்கே போயினவோ. இது என் கண்ணெதிரே இருந்தது.

டீ மாஸ்டர் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு பழம், ஒரு குவளை தண்ணீர். அப்புறம் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டரு. அவங்களுக்குப் பொத்தான் வச்சியே, எனக்கு?"

"உங்களுக்கு என்னாண்ணே பொத்தான்?"

"சும்மா வந்து வந்து 'ஆச்சா, ஆச்சா'ன்னு நிக்குறாங்க. நான் அமுக்குனா அவங்க போன்ல 'பொறுங்க லா'ன்னு வரணும். வருமா?"

"வரும்ணே."

"அப்ப நாளைக்குப் போட்டுக் குடு" என்று திரும்பிக்கொண்டார். திரை மேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நானாவிடம் நான் போய்க் கேட்கவில்லை. கடை அடைக்கும்போது அவரே சொன்னார். "தம்பி, டிராயர்ல சாமான் நெறைய கெடக்கு. போன் வைக்க எடமில்ல."

பொறுங்க பொத்தானை மறுநாளே போட்டேன். நோன்பு முடிந்து பெருநாள் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, சில மாதங்கள் இருந்தேன். பிறகு என் கால் வழக்கப்படி அரிக்கத் தொடங்கியது. கிளம்புவதற்கு முன் எப்படிக் கிளப்புவது, எப்படி நிறுத்துவது, பழையது கதவைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று அக்காவுக்குக் காட்டிவிட்டுப் போனேன். "ரொட்டி பாய் வண்டி மாதிரின்னு சொல்லு, எனக்குப் புரிஞ்சுடும்" என்றார். அவரும் தோட்டத்து ஆள்தான்.

அதற்கப்புறம் வேறு ஊர்கள், வேறு வேலைகள். போன நோன்பு மாதம் ஜொகூர் பாரு வழியாகப் போக வேண்டியிருந்தது. சாயங்காலம் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். நானா ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அக்காவுக்கு அன்று விடுமுறை. ஆர்டர் எடுக்க வந்தவர் எனக்குத் தெரியாத பெண், சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும்.

"அண்ணே, இப்பவா, பாங்குக்கா?" என்றார் போனைப் பார்த்தபடி.

"அது என்னாம்மா?"

"நோன்புன்னா பாங்குக்கு வரும், இல்லன்னா இப்பவே வரும். இதுல கேக்கும். எல்லாக் கடையிலயும் இப்படித்தானே?"

"இப்பவே" என்றேன். "தே தாரிக் ஒண்ணு."

அவர் தட்டினார். போன் உடனே ஒரு சின்னச் சத்தம் போட்டது. அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கொஞ்சம் நேரமாகும்ணே. மாஸ்டர் பொறுக்கச் சொல்றாரு."

"பரவாயில்லம்மா" என்றேன். "நான் பொறுக்குறேன்."

பாய்லருக்கு முன்னால் அதே முதுகு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டீ வந்தது.